இருநூறு சதவீதம்

பனகல் சாலையில், பெரியாஸ்பத்திரிக்கு எதிரே
என் ஜெராக்ஸ் கடை.
பதினோரு வருஷமாக ஊராரின் சிறுநீரகங்களை
பக்கம் இரண்டு ரூபாய்க்கு நகலெடுத்துத் தருகிறேன்.
கிரியாட்டினின் என்ற சொல்லை எனக்குப்
படிக்காமலே அடையாளம் தெரியும்,
பஸ்ஸின் நெற்றிப் பலகை மாதிரி.

மாசியில் ஒரு புதன்கிழமை
கண்ணாடியில் கவிழ்த்த தாளில்
ச. மரகதவல்லி, வயது 49 என்றிருந்தது.
பச்சை வெளிச்சம்
மற்றவர்களுக்குப் போவது போலவே
என் அடியிலும் போய்விட்டு வந்தது.

இருபத்தெட்டு சதவீதம் வேலை செய்கிறதாம்.

பாலைக் குறைங்கம்மா, பாஸ்பரஸ் ஏறுது, என்றாள்
உணவு ஆலோசகர் ரெஹானா பர்வீன்.
என் மகள் வயதிருக்கும், பேனாவை மூடவேயில்லை.
நாளைக்கு ஐந்து டீ குடிக்கிறவள் நான்.
வேற பால்? என்றேன்.
தேங்காய்ப்பால் இப்ப வேண்டாம், பொட்டாசியம்.
சோயாவும் யோசிக்கணும்.
பாதாம், அரிசி, ஓட்ஸ், ஏதாவது பாருங்க.
ஆனா அட்டையைப் படிச்சு வாங்குங்க.
மாட்டுப்பால்ல இருக்கிறது பாதிதான் உடம்புல ஒட்டும்,
டப்பாவுல சேர்க்கிறது அப்படியே ஒட்டும்.

அண்ணா நகர் கடையில் நான்கு குட்டி டப்பாக்கள்,
ஒவ்வொன்றும் அறுபது ரூபாய்.
முன்பக்கம் பூராவும் வெள்ளை அருவி,
அதில் பாதாம் குதித்து விளையாடுகிறது.
பின்பக்கம் எறும்பு ஊர்கிறது.
வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டும் எறும்பு எறும்புதான்.

கடைக்குக் கொண்டுவந்து
ஒவ்வொன்றாக மல்லாக்கப் படுக்கவைத்து
இருநூறு சதவீதம் அமுக்கினேன்.

முதலாவதில் ட்ரைகால்சியம் பாஸ்பேட், மூன்றாம் வரி.
இரண்டாவதில் பெயரில்லை, வெறும் 341;
அதே ஆள்தான், முகத்தில் துண்டைக் கட்டியிருக்கிறான்.
மூன்றாவது ஓட்ஸ்:
டைபொட்டாசியம் பாஸ்பேட்.
எனக்கு ஆகாத இரண்டு பேர்
தங்களுக்குள் சம்பந்தம் செய்துகொண்டு.
நான்காவதில்
தண்ணீர், பாதாம் நான்கு சதவீதம், துளி உப்பு, ஒரு பசை.
மிச்சமெல்லாம் தண்ணீர் என்று எழுதியே
தன்னைப் பால் என்று சொல்லிக்கொள்ளும் அந்தத் துணிச்சல்
எனக்குப் பிடித்துப்போனது.

பெரிய டப்பா, லிட்டர் இருநூற்று எண்பது.
நூற்று நாற்பது பக்கம்.
காகிதம், மை, கரண்ட் போக
முந்நூறு பக்கமாவது ஓடவேண்டும்.
சில நாள் ஓடும்.
ஓடாத வாரம் வீட்டில் அரிசியை ஊறவைத்து
மிக்சியில் அடித்து, துணியில் வடிகட்டி,
அதைப் பால் என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

டீக்கடை வீரணனிடம் டப்பாவைக் கொடுத்தேன்.
ஊற்றியதும் திரிந்தது.
அக்கா, இது ரோஷக்கார பாலுக்கா, என்றார்.
மறுநாளும் திரிந்தது.
மூன்றாம் நாள் டிகாக்‌ஷனை ஆறவிட்டு
டப்பாப் பாலைத் தனியே லேசாகச் சூடுகாட்டி
சொட்டுச் சொட்டாக ஊற்றிப் பார்த்தார்.
பின்னால் நான்கு பேர் கிளாசுக்குக் காத்து நின்றார்கள்.
கலங்கல் வைகை நிறத்தில் வந்தது.
ருசியைப் பற்றி
வீரணன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
இப்போது இரண்டு டீதான்.
என் டப்பாவுக்கு அவர் பெஞ்சுக்கடியில் ஐஸ்பெட்டியில் இடம்.

பெரிதாக்கிய அந்த நான்கு முதுகுகளையும்
மெஷினுக்கு மேலே டேப் போட்டு ஒட்டிவைத்திருக்கிறேன்.
நேற்று உசிலம்பட்டிப் பக்கத்து ஆள் ஒருவர்,
அப்பாவின் காப்பீட்டுக் காகிதங்களோடு வந்தவர்,
அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.
அது என்னக்கா?
சொன்னேன்.
அதுல ஒரு காப்பி போடுங்க.
ரெண்டு ரூபா, என்றேன்.
ஐந்து கொடுத்தார். சில்லறை இல்லை.
இன்னொரு காப்பி போட்டு
341-ஐச் சுற்றிச் சிவப்பில் வட்டமிட்டுக் கொடுத்தேன்.
ஒரு ரூபாய் இன்னும் பாக்கி.

அப்பாவுக்கு எவ்வளவு? என்று கேட்டேன்.
பதினாலு. உங்க வீட்ல யாருக்குக்கா?
எனக்குத்தான். இருபத்தெட்டு.
அட, டபுள் மார்க்குக்கா, என்றார்
நிஜமான சந்தோஷத்தோடு.